கடலை மிட்டாயில் இருந்த உப்பு

1918ஆம் ஆண்டு. ஹைட்டியில் கரும்பு வெட்டும் பருவம். தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸை ஒட்டி இருந்த அமெரிக்கச் சர்க்கரை ஆலை ஆட்கள் கிடைக்காமல் திண்டாடியது. ஆள் பிடித்து வருபவருக்குத் தனிக் காசு என்று அறிவித்தது. ஒரு நாள் காலை வயதான கங்காணி ஒருவர் கந்தல் உடுத்திய ஒரு கூட்டத்தை ஓட்டிக்கொண்டு வந்தார். அவர்கள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பெயர் கேட்டால் பதில் இல்லை. மலையோரத்து ஆட்கள், ஊர்ப் பாஷை தெரியாது, ஆலைச் சத்தத்தில் மிரண்டுபோயிருக்கிறார்கள் என்று கங்காணி சமாளித்தார். அவர்கள் வெயிலில் நாள் முழுக்க வெட்டினார்கள். சனிக்கிழமை அத்தனை பேர் கூலியையும் கங்காணியே வாங்கிக்கொண்டார். இரவில் அவர் மனைவி அவர்களுக்குக் கூழ் காய்ச்சி ஊற்றுவாள். அந்தக் கூழில் உப்பு மட்டும் விழுந்துவிடக் கூடாது.

அப்புறம் ஒரு திருவிழா வந்தது. கங்காணி ஊருக்குள் போய்விட்டார். சும்மா உட்கார்ந்திருக்கும் இவர்களைப் பார்க்க அந்த அம்மாளுக்குப் பாவமாக இருந்தது. ஊர்வலம் பார்க்கக் கூட்டிப்போனாள். வழியில் ஒருத்தி பாகில் பருப்பு போட்டுச் செய்த வில்லைகளை விற்றுக்கொண்டிருந்தாள். நம் ஊர்க் கடலை மிட்டாய்க்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். இனிப்புத்தானே என்று ஆளுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தாள். பருப்பை வறுக்கும்போது உப்பு சேர்த்திருந்தார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. வாயில் பட்டதும் அவர்கள் அலறினார்கள். தாங்கள் செத்துப்போனவர்கள் என்பது அவர்களுக்கு நினைவு வந்துவிட்டது. எழுந்தார்கள், மலையைப் பார்த்து நடந்தார்கள். ஊர் எல்லையில் தாயும் தகப்பனும் பிள்ளைகளும் அடையாளம் கண்டு பெயர் சொல்லிக் கூப்பிட்டும் நிற்கவில்லை. இடுகாட்டுக்குப் போய் அவரவர் குழியை அவரவர் கையால் பறித்து, அதிலேயே பிணமாக விழுந்தார்கள்.

இதை ஹைட்டி விவசாயி ஒருவர் சொன்னதாக வில்லியம் சீப்ரூக் என்ற அமெரிக்கப் பயண எழுத்தாளர் 1929இல் வெளியிட்டார். சீப்ரூக் கொஞ்சம் கை கால் வைத்து எழுதக்கூடியவர். ஆனால் உப்பைப் பற்றிய நம்பிக்கை அவர் இட்டுக்கட்டியது இல்லை. ஹைட்டியில் ஜாம்பிக்கு, அதாவது எழுப்பி வேலை வாங்கும் பிணத்துக்கு, உப்பு காட்டக் கூடாது என்பது வெகுகாலமாகச் சொல்லிவரும் பேச்சு. உப்பு பட்டால் அதற்குத் தன் நினைவு திரும்பும். சில கதைகளில் அது நேரே கல்லறைக்குப் போகும், சிலவற்றில் தன்னை வேலை வாங்கியவன் மேல் பாயும்.

நமக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. "சோத்துல உப்புப் போட்டுத்தானே திங்கிற?" என்று ஒருவன் கேட்டால் என்ன கேட்கிறான் என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ரோஷம் இருக்கிறதா, உனக்குள் ஆள் இருக்கிறானா என்பதுதான் கேள்வி. அடிமைக்கு உப்பைக் கொடுக்காதே என்று கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு கதை சொன்னதும், உப்புப் போட்டுச் சாப்பிடுகிறாயா என்று இந்தப் பக்கம் ஒரு வசவு பிறந்ததும் ஒரே இடத்தைத்தான் தொடுகின்றன.

உலகம் அழிகிற கதைகளும் ஜாம்பிக் கதைகளும் ஏன் இத்தனை பேரை இழுக்கின்றன என்று யோசிக்கும்போதெல்லாம் நான் இந்தக் கடலை மிட்டாயில்தான் வந்து நிற்கிறேன். ஏனென்றால் இன்று திரையிலும் விளையாட்டுகளிலும் நாம் பார்க்கும் ஜாம்பி வேறு. ஹைட்டிக்காரர்கள் பயந்தது, தான் ஜாம்பியாகிவிடுவோமோ என்று. நாம் பயப்படுவது, ஜாம்பி நம்மைக் கடித்துவிடுமோ என்று. பயம் ஆள் மாறிவிட்டது. அது மாறிய கதையைத் தெரிந்துகொண்டால், இந்தக் கதைகளின் ருசி எங்கிருந்து வருகிறது என்பதும் பிடிபடும்.

18ஆம் நூற்றாண்டில் ஹைட்டி பிரான்ஸின் காலனி, அப்போது பெயர் சான்-தொமாங். அந்த நூற்றாண்டின் முடிவில் அங்கே ஏறத்தாழ 5 லட்சம் ஆப்பிரிக்க அடிமைகள் இருந்தார்கள். உலகத்திலேயே அதிக லாபம் கொழித்த காலனிகளில் ஒன்று அது. லாபத்தின் பெரும்பகுதி கரும்பிலிருந்தும் காப்பியிலிருந்தும் வந்தது. வெட்டிய கரும்பை உடனே பிழிந்தாக வேண்டும், வைத்திருந்தால் சாறு கெட்டுவிடும். அதனால் பருவம் முழுக்க ஆலை இரவும் பகலும் ஓடும். உருளைகளுக்கு நடுவே கரும்பைக் கையால் தள்ள வேண்டும். தூக்கம் சொக்கினால் முதலில் விரல் மாட்டும், பின்னாலேயே கை போகும். கையை வெட்டி ஆளைக் காப்பாற்றுவதற்காக ஆலைக்குப் பக்கத்திலேயே வெட்டரிவாள் வைத்திருப்பது கரீபியன் தோட்டங்களில் வழக்கம். பிள்ளை பெற்று வளர்ந்து வரும்வரை காத்திருப்பதைவிடப் புதிதாக ஆள் வாங்குவது மலிவு என்று முதலாளிகள் கணக்குப் போட்டதால், வந்த சில வருடங்களிலேயே ஆட்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள்.

அந்த மனிதர்களுக்கு ஒரே ஒரு விடுதலைதான் தெரிந்தது. செத்தால் உயிர் கடலைக் கடந்து கினியாவுக்குப் போய்விடும், அதாவது சொந்த மண்ணான ஆப்பிரிக்காவுக்கு. அதற்காகவே தன்னைத்தானே மாய்த்துக்கொண்டவர்கள் உண்டு. ஜாம்பி என்ற எண்ணத்தின் கொடூரம் இங்கேதான் இருக்கிறது. செத்த பிறகும் உன்னை எழுப்பிக் கரும்புக் காட்டுக்கே ஓட்டிவிடுவார்கள். அந்தக் கடைசி வாசலையும் அடைத்துவிடுவார்கள். ஓய்வே இல்லாத அடிமைத்தனம், சாவாலும் தீராத வேலை. ஜாம்பி அந்த மண்ணில் யாரையும் கடித்ததில்லை. அது வேலை செய்தது, அவ்வளவுதான்.

1791இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். 1804 ஜனவரி 1 அன்று விடுதலையை அறிவித்தார்கள். அடிமைகளே எழுந்து ஒரு நாட்டை நிறுவியது வரலாற்றில் அந்த ஒருமுறைதான். அப்படி வாங்கிய விடுதலைக்கும் பிரான்ஸ் 1825இல் விலை போட்டது: 15 கோடி பிராங்க் நஷ்ட ஈடு. இழந்த 'சொத்து'க்காக, அதாவது அந்த மனிதர்களுக்காகவே, அந்த மனிதர்கள் பணம் கட்ட வேண்டும். பிறகு தொகையைக் குறைத்தார்கள். அதைக் கட்ட வாங்கிய கடன், கடனுக்கு வட்டி என்று 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இழுத்தது. ஜாம்பி நம்பிக்கையும் சாகவில்லை. ஒருவருக்கு மருந்து கொடுத்துச் செத்தவர்போல் மயங்கவைத்து, அவரைப் புதைக்கவும் செய்தால் அது கொலைதான் என்று ஹைட்டியின் பழைய தண்டனைச் சட்டத்தின் 246ஆம் பிரிவு சொன்னது.

1915இல் அமெரிக்கப் படை ஹைட்டியைப் பிடித்தது, 1934வரை போகவில்லை. சாலை போடுவதற்காகப் பழைய கட்டாய உழைப்புச் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்தார்கள். விவசாயிகளைக் கயிற்றில் பிணைத்து வேலைக்குக் கூட்டிப்போனார்கள். கடலை மிட்டாய்க் கதை நடந்ததாகச் சொல்லப்படும் 1918 அந்தக் காலம்தான். அமெரிக்க ஆலை, கங்காணி, கூலி கைக்கு வராத ஆட்கள். கதை சொன்ன விவசாயிக்கு எதைச் சொல்கிறோம் என்று நன்றாகத் தெரிந்திருக்கும்.

இதைப் படிக்கும்போது எனக்கு மனம் பக்கத்துத் தீவுகளுக்கும் போகிறது. 1848இல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை ஒழிந்ததும், அந்தக் கரும்புக் காடுகளுக்குக் காரைக்காலிலும் புதுச்சேரியிலும் இருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள் நம் ஆட்கள். 1853இல் மார்த்தினிக், அடுத்த ஆண்டே குவாதலூப். பாரதி கரும்புத் தோட்டத்துப் பெண்களை நினைத்து அழுதது ஃபிஜித் தீவுக்காக. ஆனால் அந்தப் பயிர் போன இடமெல்லாம் அதே அழுகைதான். கங்காணி என்ற சொல்லை நான் மேலே சும்மா போடவில்லை.

சரி, இந்த அடிமை எப்படிக் கடிக்கும் மிருகமானான்?

சீப்ரூக்கின் புத்தகம் வந்து மூன்றே ஆண்டில், 1932இல், ஹாலிவுட்டின் முதல் முழுநீள ஜாம்பிப் படம் வந்தது. அதில் ஒரு காட்சி இருக்கிறது. இரவு. சர்க்கரை ஆலை. கறுப்பர்கள் வரிசையாகக் கூடை சுமந்து வந்து கரும்பைக் கொட்டுகிறார்கள், கீழே சிலர் செக்கு மாடுபோல ஆலையைச் சுற்றுகிறார்கள். மரம் கிறீச்சிடும் சத்தம் மட்டும் கேட்கிறது. ஒருவன் தடுமாறி ஆலைக்குள் விழுகிறான். யாரும் நிற்கவில்லை. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆலை ஓடிக்கொண்டே இருக்கிறது. சான்-தொமாங்கின் மொத்த வரலாறும் அந்த அரை நிமிடத்தில் இருக்கிறது. ஆனால் படத்துக்கு அது பின்னணி மட்டும்தான். படம் பதறுவது, ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை ஜாம்பியாக்கிவிட்டார்களே என்று. பயம் கைமாறத் தொடங்கிய இடம் அது.

முழுக்கக் கைமாறியது 1968இல். பிட்ஸ்பர்க் நகரத்தில் விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ரொமேரோவும் அவர் நண்பர்களும் சேர்ந்து 1 லட்சத்து சொச்சம் டாலரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் யாரும் ஜாம்பி என்ற சொல்லை ஒருமுறைகூட உச்சரிப்பதில்லை. பிணந்தின்னிகள் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் இன்று நாம் ஜாம்பி என்றால் நினைத்துக்கொள்ளும் அத்தனையும் அந்தப் படத்திலிருந்துதான் வந்தது: மெதுவாக நடக்கும் கூட்டம், மனித மாமிசம், தலையில் அடித்தால்தான் சாகும் என்ற விதி, ஒரு வீட்டுக்குள் பலகை அடித்துப் பதுங்கும் சிலர். எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம், இந்தப் பிணங்களுக்கு எஜமான் கிடையாது. மந்திரவாதி இல்லை, கங்காணி இல்லை, ஆலை இல்லை. அடிமையை அடிமையாக்கியவன் கதையிலிருந்து நழுவிவிட்டான். மிஞ்சியது கூட்டம் மட்டும். கேமரா வீட்டுக்குள்ளிருந்து அந்தக் கூட்டத்தை ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்க்கிறது.

ரொமேரோ இதை உணர்ந்தே செய்தாரா என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் படத்தின் முடிவு ஒன்றைச் சொல்கிறது. அந்த வீட்டில் நிதானமாக யோசித்துக் கடைசிவரை தாக்குப்பிடிப்பவன் பென் என்ற கறுப்பன். டுவேன் ஜோன்ஸ் நடித்தார். விடிகிறது. வெளியே நாய்கள் குரைக்கும் சத்தம், துப்பாக்கிச் சத்தம். உதவி வந்துவிட்டது என்று பென் நிலவறையிலிருந்து மேலே வந்து ஜன்னலருகே எட்டிப்பார்க்கிறான். பிணங்களை வேட்டையாடிக்கொண்டு வரும் வெள்ளைக்காரக் கும்பல் அவனையும் ஒரு பிணம் என்று நினைத்து நெற்றியில் சுடுகிறது. அப்புறம் அசையாப் படங்கள் வரிசையாக வருகின்றன. கொக்கியால் குத்தி இழுக்கிறார்கள், விறகுக் குவியலில் போடுகிறார்கள். பழைய பத்திரிகையில் வந்த புகைப்படங்கள்போல சொரசொரப்பாக இருக்கும். கறுப்பர்களை அடித்துக் கொன்று பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்ட ஒரு நாட்டில் அந்தப் படங்கள் எதை நினைவூட்டும் என்று சொல்லத் தேவையில்லை. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட செய்தி ஏப்ரல் 4 அன்று வானொலியில் வந்தபோது, தாங்கள் படச்சுருளைக் காரில் வைத்துக்கொண்டு நியூயார்க் போய்க்கொண்டிருந்ததாக ரொமேரோ பின்னாளில் சொன்னார்.

இந்தப் படம் பரவியதற்கு இன்னொரு எளிய காரணமும் உண்டு. கடைசி நேரத்தில் படத்தின் தலைப்பை மாற்றினார்கள். புதிய தலைப்பு அட்டையில் காப்புரிமைக் குறிப்பைப் போட விட்டுவிட்டார்கள். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்தக் குறிப்பு இல்லையென்றால் படம் பொதுச்சொத்து. யார் வேண்டுமானாலும் திரையிடலாம், யார் வேண்டுமானாலும் அந்த விதிகளை எடுத்துத் தன் கதைக்குப் போட்டுக்கொள்ளலாம். ரொமேரோவுக்குப் பெரிய நஷ்டம். ஆனால் உலகம் முழுக்க அத்தனை பேரும் ஒரே மாதிரியான ஜாம்பியை வைத்துக் கதை எழுத வழி பிறந்தது அப்படித்தான்.

இனி ஈர்ப்புக்கு வருவோம். ஒவ்வொரு காலத்துப் பயமும் ஜாம்பியாக வருகிறது என்பது வழக்கமாகச் சொல்லும் விளக்கம். அணுகுண்டுக் காலத்தில் கதிர்வீச்சு, எய்ட்ஸுக்குப் பிறகு வைரஸ், இப்போது பருவநிலையும் பூஞ்சையும். தப்பில்லை. ஆனால் இந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. பயம் எல்லாக் காலத்திலும் இருக்கிறது. பயமுறுத்துவதை ஏன் காசு கொடுத்து, இரவில் விளக்கை அணைத்துவிட்டு, ஆசையாகப் பார்க்கிறோம் என்பதற்கு அதில் பதில் இல்லை.

வங்கிக் கடன் பிரிவில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன். இரவு பதினொரு மணிக்கு மேல் எல்லோரும் தூங்கிய பிறகு ஒரு ஜாம்பி விளையாட்டைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். சுடுவது அவருக்குப் பிடிக்காதாம். அவர் தேடித் தேடிப் பொறுக்குவார்: பூட்டிய மருந்துக் கடை, யாரோ விட்டுப்போன சமையலறை, இழுப்பறைகள். ஏன் என்று கேட்டேன். "அங்க ஒரு மாத்திரைப் பட்டை கெடச்சா ஒருத்தன் பொழச்சுக்குவான், கண்ணு முன்னால தெரியுது. ஆபீஸ்ல நான் போடுற கையெழுத்து யாருக்கு என்ன ஆச்சுன்னு பத்து வருஷமா எனக்குத் தெரியாது" என்றார்.

நான் படித்த எந்த விளக்கமும் இதைவிடத் தெளிவாக இல்லை. உலகம் அழிகிற கதையில் உலகம் கைக்கு அடக்கமாகிவிடுகிறது. பத்துப் பேர், ஒரு வீடு, ஒரு வண்டி, அரை டப்பா பெட்ரோல். செய்கிற வேலையின் பலன் அன்றைக்கே தெரியும். சும்மா கிடந்த பொருளெல்லாம் விலைமதிப்பு பெறுகிறது: ஒரு தீப்பெட்டி, ஓட்டையில்லாத செருப்பு, தகரத்தில் அடைத்த பீன்ஸ். இது ஜாம்பிக்கு முன்பே இருந்த இன்பம். 1719இல் வந்த ராபின்சன் குரூசோவில் வாசகர்கள் லயித்துப் படித்தது, உடைந்த கப்பலிலிருந்து அவன் ஒவ்வொரு சாமானாகக் கரைக்கு இழுத்து வரும் பக்கங்களைத்தான். அதுபோல யார் பெரியவர் என்பதும் தலைகீழாகும். கூட்டத்துக்கு இப்போது வேண்டியவர் நர்ஸ், ஒயர்மேன், விதை முளைக்கவைக்கத் தெரிந்த கிழவி.

காலியான ஊரின் அழகும் ஒரு ஈர்ப்பு. 2002இல் வந்த ஒரு பிரிட்டிஷ் படத்தில் மருத்துவமனை உடையோடு ஒருவன் ஆளில்லாத லண்டனில், வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் தனியாக நடப்பான். விடியற்காலையில் கொஞ்ச நேரம் போக்குவரத்தை நிறுத்தி நிறுத்தி எடுத்த காட்சி. 2020 மார்ச் கடைசியில் அண்ணா சாலை வெறிச்சோடிக் கிடந்த படங்களைப் பார்த்தபோது, பயத்தோடு இன்னொரு உணர்வும் எட்டிப்பார்த்தது என்று பலர் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். எனக்கும் இருந்தது. எல்லாம் நின்றுவிட்டது, இனி யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம் என்ற ஒரு மூச்சு. நடந்தே ஊருக்குப் போனவர்களின் படங்கள் வந்ததும் அது வெட்கமாக மாறியது.

அதே ஆண்டு சில ஆய்வாளர்கள் 310 பேரிடம் கேள்விகள் கேட்டு, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். திகில் படம் விரும்பிகள் பெருந்தொற்றின் முதல் மாதங்களில் மனதளவில் கொஞ்சம் குறைவாகவே ஆடிப்போயிருந்தார்கள். ஜாம்பி, உலக அழிவு வகைப் படங்களை விரும்புகிறவர்கள் கூடுதல் தயார்நிலையிலும் இருந்தார்கள். படம் பார்த்ததால் திடமானார்களா, திடமானவர்கள் இந்தப் படங்களைப் பார்க்கிறார்களா என்பதை இந்த ஒரு ஆய்வை வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனால் ஒத்திகை என்ற எண்ணத்தை அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமே பயன்படுத்தியிருக்கிறது. 2011 மே மாதம், ஜாம்பி வந்தால் என்ன எடுத்து வைக்க வேண்டும் என்று ஒரு பதிவு போட்டது: தண்ணீர், மருந்து, டார்ச், அடையாளச் சான்றுகள், குடும்பம் சந்திக்கும் இடம். புயலுக்கும் பூகம்பத்துக்கும் வருடா வருடம் சொன்ன அதே பட்டியல்தான். படிக்க வந்த கூட்டத்தில் அந்த வலைப்பதிவுத் தளமே படுத்துவிட்டது.

இதுவரை சொன்னது எல்லாம் எனக்கும் பிடித்தவை. இனிச் சொல்லப்போவது என்னை உறுத்துவது.

இந்தக் கதைகள் தரும் இன்னொரு சுகம், மனித முகத்தைச் சுட அனுமதி. குற்ற உணர்ச்சி வேண்டாம், அது மனிதன் இல்லை. பேச்சுக் கிடையாது, பெயர் கிடையாது, எண்ணிக்கை மட்டும் உண்டு. அலை அலையாக வருகிறது, நம் சாப்பாட்டை நோக்கி, நம் பிள்ளைகளை நோக்கி, நம் வேலியை நோக்கி. பசியோடு வரும் கூட்டத்தை எல்லை மதிலின் மேலிருந்து பார்க்கும் பார்வை அது. கரும்புக் காட்டில் இருந்தவனின் பயத்தை எடுத்து, அவனுக்குப் பயந்து மாளிகைக் கதவைத் தாழிட்டவனின் பயமாக மாற்றிவிட்டோம். பார்க்கிற நாம் ஒவ்வொருவரும் மாளிகைக்குள் இருப்பதாகவே நினைத்துக்கொள்கிறோம். அத்தனை கோடிப் பேர் ஜாம்பியாகிவிட்ட கதையில் தான் அந்தப் பத்துப் பேரில் ஒருவர் என்று நினைக்காதவர் யார்?

கதைதானே என்று விட்டுவிட முடியாது. 2005இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது, ஊரில் கொள்ளையும் கொலையும் தாண்டவமாடுகின்றன என்ற செய்திகள் பறந்தன. மக்கள் தஞ்சம் புகுந்த விளையாட்டரங்கத்தில் பிணங்கள் குவிந்து கிடக்கின்றன என்றார்கள். பின்னர் விசாரித்தபோது பெரும்பாலானவை வதந்தி. ஆனால் அந்த வதந்திகளை நம்பிய கையில் துப்பாக்கி இருந்தது. செப்டம்பர் 4 அன்று டான்சிகர் பாலத்தில் நடந்துபோய்க்கொண்டிருந்த, ஆயுதம் எதுவும் இல்லாத கறுப்பர்கள் மேல் போலீஸ்காரர்கள் சுட்டார்கள். இரண்டு பேர் செத்தார்கள், நான்கு பேருக்குப் படுகாயம். செத்தவர்களில் ஒருவர் மனவளர்ச்சி குறைந்தவர், முதுகில் குண்டு. மறைக்கப் பார்த்து, வழக்கு பல வருடம் இழுத்து, கடைசியில் 2016இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். பென்னின் ஜன்னல் 37 ஆண்டு கழித்து ஒரு பாலமாகியிருந்தது.

பேரிடரை ஆராய்பவர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சொல்லிவருவது வேறு. என்ரிகோ குவாரன்டெல்லி என்ற சமூகவியலாளர் 1963இல் சகாக்களோடு இதற்கென்றே ஒரு ஆய்வு மையம் தொடங்கினார். நிலநடுக்கம், வெள்ளம், தீ என்று நூற்றுக்கணக்கான இடங்களுக்கு ஆள் அனுப்பிப் பார்த்தார்கள். மக்கள் மிரண்டு ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டு ஓடுவது அபூர்வம் என்று கண்டார்கள். முதலில் காப்பாற்ற வருபவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். 2015 டிசம்பரில் சென்னையில் அதைப் பார்த்தோம். மீனவர்கள் படகுகளைத் தெருவுக்குள் கொண்டுவந்தார்கள், முன்பின் தெரியாதவர்களுக்காக வீதியில் அண்டா வைத்துச் சமைத்தார்கள். 2018இல் கேரளத்தில் கடற்கரைக்காரர்கள் லாரியில் படகேற்றிக் கொண்டுபோய் ஆயிரக்கணக்கானவர்களை மீட்டார்கள். அப்போது பெண்கள் படகில் ஏறுவதற்காக ஒருவர் தண்ணீரில் குனிந்து தன் முதுகைப் படியாக்கினார். அழிவுக் கதை எழுதும் யாரும் துணிந்து எழுதாத காட்சி அது. எழுதினால் கதை முன்னால் போகாது. சண்டை வேண்டுமென்பதற்காக, சாமான் தீர்ந்ததும் மனிதன் மனிதனைத் தின்பான் என்று திரும்பத் திரும்ப எழுதிவிட்டோம். நிஜத்தில் சாமான் தீரும்போது அண்டாதான் வெளியே வருகிறது.

தமிழில் ஜாம்பிக் கதை ஏன் பெரிதாக வேர் பிடிக்கவில்லை என்பதையும் இங்கேதான் யோசிக்க வேண்டும். அழிவு நமக்குப் புதிதல்ல. ஊழி என்ற சொல்லே இருக்கிறது. கடல்கோள் பற்றிய நினைவு நம் இலக்கியத்தில் ஊறிக் கிடக்கிறது. ஆனால் அந்த ஊழி முற்றுப்புள்ளி இல்லை. ஊழிதோறும் உலகம் அழிந்து பிறப்பதைப் பரிபாடல் வரிசையாகச் சொல்கிறது. குடமுழுக்க வித்துகளை வைத்து வெள்ளத்தில் மிதக்கவிட்டதாகக் கும்பகோணம் தன் பெயருக்கே ஒரு கதை வைத்திருக்கிறது. ஊழியே புரண்டாலும் தான் மாறாதவனைச் சான்றோன் என்கிறது குறள், "ஊழி பெயரினும் தாம்பெயரார்" என்று.

அதைவிட முக்கியம், நம் ஊரில் செத்தவர் பெயரில்லாமல் திரும்புவதில்லை. பழையனூர் நீலிக்கு ஒரு வழக்கு இருக்கிறது. முத்துப்பட்டனும் காத்தவராயனும் அநியாயமாகச் செத்துத் தெய்வமானார்கள். பேய் பிடித்தவளிடம் முதலில் கேட்கும் கேள்வியே "யாரு நீ, என்ன வேணும்?" என்பதுதான். பெயர் சொல்லும், ஊர் சொல்லும், யார் கெடுத்தார்கள் என்று சொல்லும். கேட்டுவிட்டுப் படையல் வைப்போம், சில சமயம் கோயிலே கட்டுவோம். பெயரும் முறையீடும் இல்லாத பிணம் நம் பேய்க் கணக்கில் சேராது. 2016இல் ஊட்டியை வைத்து ஒரு தமிழ் ஜாம்பிப் படம் வந்தது, வரவேற்பும் இருந்தது. இருந்தும் பின்னால் ஒரு வரிசை உருவாகவில்லை. அதே ஆண்டு வந்த கொரிய ரயில் படத்தை நம் ஆட்கள் கொண்டாடியது ஏன் என்றால், அதில் கடிபட்ட தகப்பன் மாறிவிடுவதற்கு முந்தைய நொடியில், பிறந்த மகளை முதன்முதலில் கையில் வாங்கியதை நினைத்துக்கொண்டு ரயிலிலிருந்து விழுகிறான். அவனுக்குப் பெயர் இருந்தது.

ரொமேரோவும் அந்த வழியில்தான் திரும்பினார். 1985இல் எடுத்த படத்தில் பப் என்றொரு ஜாம்பி வருகிறான். பாதாள அறையில் சங்கிலியில் கட்டி வைத்திருப்பார்கள். ஒரு மருத்துவர் அவன் முன்னால் சவரக்கத்தியை வைக்கிறார், கன்னத்தில் வைத்துக்கொள்கிறான். தொலைபேசியை வைக்கிறார், எடுத்துக் காதில் வைக்கிறான். ராணுவ உடையைக் கண்டதும் கை தானாகச் சல்யூட் அடிக்கிறது. இந்த வகைப் படங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்தக் காட்சி ஒன்றைத்தான். காரணம் என் வீட்டில் இருக்கிறது.

என் அப்பத்தா கடைசி இரண்டு வருடம் யாரையும் அடையாளம் தெரியாமல் இருந்தார். மகனை "நீங்க யாரு தம்பி" என்பார். இரவில் எழுந்து வீட்டுக்குள் காலைத் தேய்த்துத் தேய்த்து நடப்பார், கதவு கதவாகத் தட்டுவார். சின்னப் பிள்ளைகள் பயந்து அம்மா பக்கத்தில் ஒண்டிக்கொள்வோம். பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர், அவர் காதில் விழும்படியே, "உசுரு மட்டும் நிக்குது, ஆளு எப்பவோ போயாச்சு" என்றார். அம்மா அவருக்குப் பதில் சொல்லவில்லை. ரத்தக் கொதிப்புக்காக உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். தனியாக ஒரு சின்னச் சட்டியில் வடித்து, பருப்பு ஊற்றிப் பிசைந்து, ஒவ்வொரு உருண்டையாக ஊட்டினார். அப்பத்தா முதல் வாயை வாங்கி மென்றார். மெல்லுவதை நிறுத்தினார். அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தார், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. தட்டை ஒரு விரலால் தள்ளிவிட்டு, பழைய அதிகாரக் குரலில் சொன்னார்:

"ஏம்மா, உப்பே போடலியா?"